கேட்டது நான்கு, கொடுத்தது ஒன்று

முனிராஜு,

மண் பாதுகாப்பு வேலையில் சேர்ந்துவிட்டதாக நீ எழுதிய கடிதத்தைத் தபால்காரர் கொல்லைக்காட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். உன் அப்பா கையில் சாணம் இருந்ததால் நான்தான் பிரித்துப் படித்தேன். பல்லடம் பக்கம் போட்டிருக்கிறார்கள், தங்க ஒரு அறை கிடைத்திருக்கிறது, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை என்றெல்லாம் படிக்கும்வரை அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. கடைசியில், "நம் கரட்டுக்கும் பள்ளத்துக்கும் கூடிய சீக்கிரம் நானே வழி பண்ணுகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரி வந்ததும் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது. அவர் உனக்குப் பதில் எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். கிருஷ்ணகிரியில் ஹாஸ்டலிலும் பிறகு கோயம்புத்தூரிலும் நீ படித்துக்கொண்டிருந்த வருஷங்களில் இங்கே நடந்ததை, லீவுக்கு வந்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கேட்டிருப்பாய். நீயும் நோகக் கூடாது, நாங்களும் கிளறிக்கொள்ள வேண்டாம் என்று முழுதாக ஒரு நாளும் சொன்னதில்லை. இனி நீ மனு வாங்குகிற மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரப் போகிறவன். தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. உன்னோடு சேர்ந்த மற்றப் பிள்ளைகளிடமும் இதைப் படிக்கக் கொடு. ஒளிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை.

கரடு என்றால் உனக்கு மொட்டைப் பாறைதான் நினைவுக்கு வரும். அது அப்படிப் பிறந்ததல்ல. உலகச் சண்டை நடந்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிற்று. அந்தக் கரிக்காகக் கரட்டிலிருந்த துரிஞ்சி மரங்களையெல்லாம் ஏலத்தில் எடுத்த ஒருவர் வெட்டி, அங்கேயே கரி மூட்டம் போட்டு, மூட்டை கட்டிக்கொண்டு போனார். ஊரில் பலருக்கு அதில் கூலி கிடைத்தது. அதனால் அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கடுத்த மழைகளில் கரட்டுத் தண்ணீர் முன்போல் நடந்து வரவில்லை, ஓடி வந்தது. நீ சிறு பிள்ளையாக ஒரே தாவலில் தாண்டிய ஓடை, நீ ஹைஸ்கூல் போகும் காலத்தில் மாடு இறங்கினால் ஏற முடியாத பள்ளமாகிவிட்டது. நம் செவலை மாடு அதில் சரிந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்ட அன்று நீ களியைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். உன் அப்பா அன்று சாயங்காலமே கெம்பண்ணா வீட்டுக்குப் போனார். ஏரிக்குக் கீழே கெம்பண்ணாவுக்கு நிலம் நிறைய. கரட்டுச் சரளை வந்து விழுந்து ஏரி மேடானால் முதலில் காய்வது அவர் பயிர்தான். இரண்டு பேரும் ஊராரைக் களத்துமேட்டில் கூட்டினார்கள். சங்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. கரடு காப்புச் சங்கம் என்று பெயர் வைத்தது கெம்பண்ணா. அவர் வீட்டில் பேசுவது கன்னடம், பெயர் மட்டும் தமிழில் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

முதலில் யாரிடமும் கேட்கப் போகவில்லை. அறுவடை முடிந்த கோடையில் நாங்களே கல் பொறுக்கிச் சுமந்து பள்ளத்துக்குக் குறுக்கே அடுக்கினோம். அந்தக் கோடையில்தான் எல்லம்மா எனக்கு நெருக்கமானாள். சேரியிலிருந்து நம் கொல்லை வேலைக்கு வருவாளே, திம்மராயன் பெண்சாதி, உனக்கு நாவற்பழம் பறித்து மடியில் கட்டிவருவாளே, அவள்தான். என்னைவிட மூத்தவள். இருந்தாலும் அவள் என்னை அம்மா என்பாள், நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். இரண்டு பேரும் ஒரே கூடையை மாற்றி மாற்றிச் சுமந்தபோதும் அந்தப் பேச்சு மாறவில்லை. எந்தக் கல் நிற்கும், எது உருளும் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை வரும். சில சமயம் அவள் ஜெயிப்பாள், சில சமயம் நான். நாங்கள் அடுக்கிய தடுப்பு முதல் மழைக்கு நின்றது. ஊரே போய்ப் பார்த்தது. அடுத்த பெரிய மழையில் கல்லும் போயிற்று, கல் இருந்த கரையும் போயிற்று. இது கைக்கூடைக் காரியமில்லை, மேலே கரட்டுச் சரிவிலிருந்தே சம மட்டத்தில் வரப்புப் போட்டுக்கொண்டு வந்து, கீழே சுண்ணாம்பு வைத்துக் கட்டினால்தான் நிற்கும் என்று கெம்பண்ணாவின் மச்சினன், மைசூர்ப் பக்கம் அப்படிக் கட்டியதைப் பார்த்தவன், சொன்னான். அதற்குச் சர்க்காரிடம் திட்டம் இருக்கிறது என்றும் அவன்தான் சொன்னான்.

மனு எழுதுவதற்காகக் களத்தில் மறுபடியும் கூடினோம். மரம் முளைக்க வேண்டுமானால் கரட்டைச் சில வருஷம் மூடிவைக்க வேண்டும், ஆடு மாடு ஏறக் கூடாது, விறகு வெட்டக் கூடாது என்று ஒரு பேச்சு வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். பின்னால் நின்ற எல்லம்மா, "அப்ப எங்க ஆடு எங்கங்க போவும்? எங்க தலைமேலயா மேயும்?" என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்கவில்லை. "அவ கேக்கறது நியாயந்தானே. கரட்டை மூடினா ஆட்டுக்கு ஒரு எடம் காட்டணுமில்ல?" என்றார். வெகு நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் மனுவில் நான்கு விஷயம் ஏறியது. கரட்டை மூட வேண்டும். வரப்பும் கல் தடுப்பும் கட்டச் சர்க்கார் பணம் தர வேண்டும். அந்த வேலையைச் சேரிக்காரர்களுக்கே கூலிக்குக் கொடுக்க வேண்டும். ஏரிக்கு மேற்கே கிடக்கும் புறம்போக்கைப் புல் வளர்க்க, அவர்கள் ஆடுகளுக்கென்று விட வேண்டும். நான்கையும் உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் திம்மராயனும் எல்லம்மாவும் கைநாட்டு வைத்தார்கள். அந்த நான்கும் தனித்தனி இல்லை, முனிராஜு. நுகத்தடியில் பூட்டிய மாடுகள் மாதிரி. ஒன்றை அவிழ்த்தால் மற்றது இழுக்காது, குப்புற விழும்.

பேரிகை ஊரில் பெரிய ஆபீஸர் முகாம் போட்டிருந்தபோது மனுவோடு போனோம். முதலில் பேசியது கெம்பண்ணா. அவருக்குப் பதற்றம் வந்தால் கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே மூச்சில் வரும். ஆபீஸர் தெற்கத்திக்காரர், பாவம், விழித்தார். "இங்கே தமிழ் நல்லாப் பேசறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கிருஷ்ணகிரியில் பிறந்து அஞ்சாவதுவரை படித்தவள் என்ற ஒரே தகுதியில் நான் முன்னால் போனேன். மனுவை அவர் மேஜையில் வைத்தேன். முதலிலிருந்து சொன்னேன். அவர் நல்ல மனிதர். இடையில் வெட்டாமல் கேட்டார், உட்காரச் சொன்னார், செவலை விழுந்ததைச் சொன்னபோது உச்சுக் கொட்டினார். பிறகு சொன்னார்:

"அம்மா, திட்டம் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. ஆனா இந்தத் தாலுக்கா சென்னையோட இருக்குமா, மைசூரோட போயிடுமான்னு மேலே முடிவாகலை. முடிவாகாத இடத்துல பணம் போட ஒத்துக்கமாட்டாங்க. கொஞ்சம் பொறுங்க."

கெம்பண்ணாவுக்குப் பொறுக்கவில்லை. "சாமி, ஊரு எந்த ராஜ்யத்துல இருந்தா என்னங்க? மண்ணு போறது போயிட்டே இருக்குது. அத்த மொதல்ல நிறுத்துங்க" என்றார். ஆபீஸர் கோபிக்கவில்லை. "எனக்குப் புரியுது பெரியவரே. என் கையில இல்லை" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. பொய் சொன்னால் சண்டை போடலாம்.

அதன்பிறகு பொறுத்தோம். மொழிவாரியாக ராஜ்யம் பிரிக்கும் பேச்சு நடந்துகொண்டே இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து கன்னடத்தில் பேசிவிட்டுப் போகும், இந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்து தமிழில் பேசிவிட்டுப் போகும். பள்ளத்தைப் பற்றி இரண்டு கூட்டமும் பேசவில்லை. ஆபீஸர் மாறினார். புது ஆபீஸரிடம் முதலிலிருந்து சொன்னோம். அவரும் மாறினார். ஓசூருக்கும் போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நான்தான் பேசவேண்டும். பேசப் பேச நாக்குப் பழகிவிட்டது. எங்கே நிறுத்தவேண்டும், எந்த இடத்தில் செவலையைச் சொல்லவேண்டும் என்பது தானாக வந்தது. ஒரு நாள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் கொள்ளு ஊறவைத்தேனா என்று என் மனம் யோசித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து அந்த ஆபீஸர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "அம்மா, எவ்வளவு கோர்வையாப் பேசறீங்க! நீங்க மேடையிலேயே பேசலாம்" என்றார். கூட வந்தவர்களுக்குப் பெருமை. எனக்கு இல்லை. நம் கொல்லை போகிறது என்று சொல்ல வந்தவளை, நன்றாகச் சொன்னாய் என்று அனுப்பிவிட்டார். நீ யாரிடமும் அப்படிச் சொல்லாதே.

கடைசியில் தாலுக்கா சென்னையோடேயே இருக்கும் என்று முடிவானது. அந்த வருஷமே உத்தரவும் வந்தது. தண்டோரா போட்டார்கள். சர்க்கார் கரட்டை மூடுகிறது, ஆடு மாடு மேய்ப்பதும் விறகு எடுப்பதும் குற்றம் என்று தண்டோராக்காரன் சொல்லிக்கொண்டே போனான். நம்ப மாட்டாய், ஊரில் சந்தோஷந்தான். கெம்பண்ணா வெல்லம் வாங்கிவந்து வீட்டுக்கு வீடு கொடுத்தார். நம் வாசலுக்கு வந்தபோது உன் அப்பா வெல்லத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மத்த மூணும்?" என்று கேட்டார். "வருமப்பா. ஒண்ணு வந்துச்சில்ல, மத்ததும் பின்னாலயே வரும்" என்றார் கெம்பண்ணா. எனக்கும் அப்படித்தான் தோன்றிற்று. விசாரித்தபோது, மற்றவை பரிசீலனையில் இருக்கின்றன என்றார்கள். இன்றுவரை அங்கேயேதான் இருக்கின்றன. நாங்கள் கேட்ட நான்கில் செலவில்லாதது ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டார்கள்.

காவலுக்கு ஒரு ஃபாரஸ்ட் கார்டு வந்தார். கடமை தவறாதவர். எல்லம்மாவின் விறகுக் கட்டை முதலில் பிடுங்கினார். பிறகு ஆடுகளைப் பிடித்துப் பவுண்டில், அதான் சர்க்கார் பட்டியில், அடைத்தார். அவள் நேரே என்னிடம்தான் வந்தாள். நான் ராகி புடைத்துக்கொண்டிருந்தேன். அழவில்லை, கத்தவில்லை. முறத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, நானும் கைநாட்டு வச்சேனில்லைங்க? எதுக்கு வச்சேன்னு நீங்களே சொல்லுங்க. எனக்கு வெளங்கல."

"நாலுக்கும் சேத்துத்தானே வச்சோம், எல்லம்மா."

"எனக்கு ஒண்ணுதான் வந்துச்சு. அதுவும் என் ஆட்டைப் புடிக்கத்தான் வந்துச்சு."

முறத்தைக் கீழே வைத்தேன். உன் அப்பாவும் நானும் பவுண்டுக்குப் போய் அபராதம் கட்டி ஆடுகளை மீட்டுக்கொடுத்தோம். இரண்டாம் தடவையும் மீட்டோம். கார்டிடம் கெஞ்சினேன். அவர், "ஆர்டர் கேட்டதே உங்க சங்கந்தானேம்மா? நான் என்ன என் வீட்டுக்கா காவல் காக்கறேன்?" என்றார். அதுவும் சரிதான். மறுபடி ஓசூர் போனோம். மேற்கே இருக்கும் புறம்போக்கில் மட்டுமாவது ஆடு மேய விடுங்கள், அதுவரைக்கும் கரட்டு உத்தரவை நிறுத்திவையுங்கள் என்று கேட்டேன். அங்கே இருந்தவர் புதியவர். பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "மூடுங்கன்னு இத்தனை வருஷமாக் கேட்டதும் நீங்கதான், இப்ப வேண்டாங்கறதும் நீங்கதானா? ஊருக்குள்ள முதல்ல ஒரு முடிவுக்கு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். எங்கள் முடிவு ஒன்றாகத்தான் இருந்தது, நீங்கள்தான் அதை உடைத்தீர்கள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. இத்தனை வருஷம் கோர்வையாகப் பேசிய நாக்கு அது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

திம்மராயன் ஆடுகளைப் பேரிகைச் சந்தையில் விற்றுவிட்டான். மைசூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த மேஸ்திரியோடு சேரியிலிருந்து பல குடும்பங்கள் கிளம்பின, அதில் அவர்களும். போகும் நாளில் நான் ரோட்டுவரை போனேன். கொஞ்சம் ராகி மாவும் ஒரு பழைய புடவையும் கொண்டுபோயிருந்தேன். எல்லம்மா வாங்கிக்கொண்டாள். "நம்ம முனிராஜு பெரிய படிப்பு படிச்சு வந்து இதையெல்லாம் பாத்துக்குவான், இல்லைங்களா?" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா, நிஜமாகவே நம்பினாளா, தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். நீ எழுதிய கடைசி வரியைப் படித்தபோது எனக்கு அவள் குரல்தான் கேட்டது.

இப்போது கரடு பச்சையாகத்தான் இருக்கிறது. பொய் சொல்லக் கூடாது. துரிஞ்சிக் கன்றுகள் முழங்காலுக்கு வந்திருக்கின்றன, புல் இருக்கிறது. வருகிற ஆபீஸர்களைக் காரிலிருந்தே அதைக் காட்டி, பாருங்கள் எப்படி வந்திருக்கிறது என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பிடிக்கவில்லை. ஏற்கெனவே வெட்டிய பள்ளம் மேலே பச்சை வந்ததற்காக நிற்குமா? அது தன்பாட்டுக்கு மேல்நோக்கி அரித்துக்கொண்டுதான் வருகிறது. போன மழையில் நம் கீழ்க்கொல்லையில் பாதிக்கு மேல் சரிந்துவிட்டது. உனக்கு எழுதவில்லை, பரீட்சை நேரம். ராகிக்கு நாற்று அங்கேதான் விடவேண்டும் என்று உன் அப்பா உழுது வைத்திருந்தார். உழுத மண் என்பதால் சுலபமாகப் போயிற்று.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தெரியும்? நீ பள்ளத்தை அளக்கவும் வரப்பு எந்த மட்டத்தில் போகவேண்டும் என்று சொல்லவும் படித்தவன். உன் முதல் சம்பளத்தில் எங்களுக்கு ஒன்றும் அனுப்பாதே, நல்ல செருப்பு வாங்கிக்கொள், வெயிலில் நடக்கிற வேலை. இங்கே மாற்றல் கேட்டு யாரிடமும் போய் நிற்காதே. நீ கையெழுத்துப் போடுகிறவன் இல்லை, கையெழுத்துக்குக் கொண்டுபோகிறவன் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்தாலும் உன்னாலும் ஒன்றும் முடியாமல் போகும், அந்த வேதனையை எங்கள் கண் முன்னாலேயே நீ படவேண்டாம். ஆனால் அங்கேயும் ஒரு ஊர் இருக்கும், அங்கேயும் ஒரு கரடு இருக்கும். நாலு பேர் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு உன்னிடம் மனு கொடுக்க வருவார்கள். அதில் எழுதியிருப்பதெல்லாம் அவர்கள் சண்டை போட்டு, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துக் கட்டியது. அதிலிருந்து சுலபமானதை மட்டும் உருவி மேலே அனுப்பாதே. முழுதாக அனுப்பு. முழுதாகக் கிடைக்காது என்று தெரிந்தால், கிடைக்காது ஐயா என்று அன்றைக்கே சொல்லிவிடு. திட்டுவார்கள், வாங்கிக்கொள். பாதியைக் கொடுத்துவிட்டுப் போகிறவரைத் திட்டக்கூட ஆள் கிடைப்பதில்லை, ஊர்க்காரர்கள் தங்களுக்குள்ளேயே திட்டிக்கொள்கிறார்கள். சேரியில் இப்போது மிச்சமிருக்கிறவர்கள் சங்கத்துக்காரர்கள் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. கெம்பண்ணா கோயிலில்கூட ஓரமாக நிற்கிறார். நீ கோடு போட்டுக் கொடுக்கிற இடத்தில் அப்படி ஒரு ஊர் ஆகாமல் பார்த்துக்கொள். உன்னால் முடிந்தால் என்றுதான் சொல்கிறேன். முடியாவிட்டால் உன்னை நான் குறை சொல்லமாட்டேன்.

கெம்பண்ணா நேற்று வந்திருந்தார். மறுபடியும் முகாம் வருகிறதாம், மறுபடியும் மனு எழுதலாம் என்கிறார். கீழே கைநாட்டு வைக்க யார் வருவார்கள் என்று உன் அப்பா கேட்டார். கெம்பண்ணா என் பக்கம் திரும்பி, "நீ வந்து பேசுவியா, தங்கச்சி?" என்றார். வருகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல்தான் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மேற்கே இருட்டிவிட்டது. கரட்டின் மேல் மழை இறங்கிவிட்டது, இங்கே இன்னும் வரவில்லை. உன் அப்பா கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு கீழ்க்கொல்லைக்குக் கிளம்பிவிட்டார். அந்தப் பள்ளத்துக்கு முன்னால் ஒரு மண்வெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தனியாக நின்று பார்ப்பது கஷ்டம். நானும் போகிறேன்.

உன் அம்மா